கழுத்து லிஃப்ட்டுக்கு முன் ஃபில்லர் போடலாமா? வரிசை தவறாமல் செய்ய முழுமையான வழிகாட்டி

கழுத்துத் தொங்கலைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையை, அதாவது கழுத்து லிஃப்ட்டை, செய்துகொள்ளலாம் என்று பாதி முடிவெடுத்துவிட்டு, “அதுவரைக்கும் ஒரு ஃபில்லர் போட்டுச் சமாளிக்கலாமே” என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில், ஆலோசனைக்கு வருபவர்களின் ஃபைலைத் தயார் செய்து, தேதி குறித்து, முன்தயாரிப்பு சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வருபவர்களில் பலர் ஊசியை முதலில் போட்டுக்கொண்டு சர்ஜனைக் கடைசியில் பார்க்கிறார்கள். பின்னால் வரும் செலவிலும் தாமதத்திலும் பெரும்பகுதி இந்த ஒரு தலைகீழ் வரிசையால்தான்.

மருந்து, அளவு, தேதி எல்லாவற்றிலும் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு. அவரிடம் என்ன கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. கழுத்தில் உண்மையில் என்ன பிரச்சினை என்று பிரித்துப் பாருங்கள்

“கழுத்து நல்லா இல்ல” என்று ஒரே வார்த்தையில் சொல்வார்கள். அதற்குள் ஐந்தாறு தனித்தனி விஷயங்கள் இருக்கும்: தளர்ந்த தோல், கொழுப்பு, கழுத்தில் நெடுக்காகத் தெரியும் தசைப் பட்டைகள், குறுக்காக ஓடும் கோடுகள், தாடையோரத் தொங்கல், உள்வாங்கிய முகவாய். இவற்றில் எது உங்களுடையது என்பதைப் பொறுத்துத்தான் ஃபில்லருக்கு வேலை இருக்கிறதா என்றே தெரியும்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஜன்னல் பக்கம் நின்று, தலையை நேராக வைத்து, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். செல்ஃபி வேண்டாம், கிட்டத்திலிருந்து எடுப்பதால் மூக்கு பெரிதாகி முகவாய் சிறிதாகிவிடும். பிறகு பல்லைக் கடித்து, கீழ் உதட்டை இருபுறமும் கீழே இழுங்கள். அப்போது கழுத்தில் கயிறு மாதிரி எழும்பி வருவது பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசை. அடுத்து, முகவாய்க்குக் கீழே இருக்கும் சதையைத் தளர்வாகக் கிள்ளிப் பிடித்துக்கொண்டே அதே தசையை இறுக்குங்கள். கையில் பிடித்த தடிமன் அப்படியே இருந்தால் கொழுப்பு தசைக்கு மேலே இருக்கிறது. பெருமளவு நழுவிப் போனால் தசைக்கு அடியிலும் இருக்கிறது. அடியில் இருப்பதை லைப்போசக்‌ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் முறை) குழாயால் எடுப்பது கடினம். திறந்துதான் எடுக்க வேண்டும்.

ஃபில்லர் என்பது இடத்தை நிரப்பும் ஜெல். உள்வாங்கிய முகவாயை முன்னே கொண்டுவரும், தாடைக்கோட்டில் உள்ள சிறு பள்ளத்தை நிரப்பும், குறுக்குக் கோடுகளைக் கொஞ்சம் மங்கச் செய்யும். தளர்ந்த தோலையோ தசைப் பட்டையையோ கொழுப்பையோ அது ஒன்றும் செய்யாது. உங்கள் பிரச்சினை இந்தப் பின்பட்டியலில் மட்டும் இருந்தால், ஃபில்லருக்கு ஒதுக்கிய பணத்தை அறுவைக்கே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஊசிக்கு முன் சர்ஜனைப் பாருங்கள்

இந்த வரிசைக்கு நேரடியான காரணம் ஒன்று உண்டு. எவ்வளவு தோலை எடுக்கலாம், தசையை எங்கே தைத்து இறுக்கலாம், முகவாய்க்கு இம்ப்ளான்ட் (உள்ளே வைக்கும் செயற்கைத் துண்டு) வேண்டுமா என்பதை சர்ஜன் உங்கள் இயல்பான கழுத்தைப் பார்த்து, தொட்டு முடிவு செய்கிறார். ஃபில்லர் ஏறிய முகத்தில் அவர் பார்ப்பது உங்கள் முகமும் ஜெல்லும் கலந்த ஒன்று.

தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசிக்கும் இது பொருந்தும். கழுத்துப் பட்டைகளுக்குப் போடாக்ஸ் போடுவது பல வருடங்களாகவே நடக்கிறது, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024இல் அதற்கு முறைப்படி அனுமதியும் கொடுத்தது. ஆனால் அது வேலை செய்யும் மூன்று நான்கு மாதமும் பட்டைகள் மறைந்திருக்கும். அந்த நேரத்தில் சர்ஜனைப் பார்த்தால் அவருக்குப் பட்டையே தெரியாது. போட்டிருந்தால் தேதியைச் சொல்லுங்கள். முடிந்தால் விளைவு இறங்கிய பிறகு ஆலோசனைக்குப் போங்கள்.

யாரைப் பார்ப்பது? அறுவைக்கு பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பு முடித்தவரைப் பாருங்கள். “காஸ்மெட்டாலஜிஸ்ட்” என்ற பலகை மட்டும் போதாது. பதிவு எண்ணைக் கேட்டு, மாநில மருத்துவ கவுன்சிலின் பட்டியலில் சரிபார்க்கலாம். அப்படிக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதே சந்திப்பில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனக்கு ஃபில்லரால் ஏதாவது பயன் உண்டா? போட்டால் எங்கே போடலாம், எங்கே கூடாது? அறுவைக்கு முன் அதைக் கரைக்கச் சொல்வீர்களா? மூன்றாவது கேள்விக்குச் சர்ஜனுக்குச் சர்ஜன் பதில் மாறும். அதனால்தான் கத்தி பிடிக்கப் போகிறவரின் பதிலே உங்களுக்கு வேண்டும். உங்கள் தோழியின் சர்ஜன் சொன்னது உங்களுக்கு உதவாது.

செலவைப் பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். இந்தியாவில் மருத்துவக் காப்பீடு அழகு சிகிச்சைக்குப் பணம் தராது. பிறவிக் குறைபாடோ காயமோ இல்லாத அழகு அறுவைக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஃபில்லர் போடும் செலவு, அதைக் கரைக்கும் செலவு, இடையில் ஸ்கேன் என்று தனித்தனியாக வருபவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு, “அதுவரைக்கும் சமாளிக்கும்” யோசனையைக் கைவிட்டவர்கள் நிறைய.

3. இதுவரை முகத்திலும் கழுத்திலும் ஏறிய எல்லாவற்றையும் பட்டியல் எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

“ஏதோ க்ளோ இன்ஜெக்‌ஷன் போட்டாங்க” என்பது எங்களுக்கு அடிக்கடி வரும் பதில். என்ன பொருள், எத்தனை மில்லி, எந்த ஆழம் என்று கேட்டால் தெரியாது. ஒவ்வொரு ஃபில்லர் பெட்டியிலும் பெயரும் லாட் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டிவைப்பது உங்கள் உரிமை. இறக்குமதிப் பொருள் என்றால் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பெட்டியையே காட்டாமல் சிரிஞ்சை மட்டும் கொண்டுவரும் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பட்டியலில் ஃபில்லர் மட்டும் வந்தால் போதாது. கீழே உள்ளவையும் வேண்டும்:

கொழுப்பு கரைக்கும் ஊசி: இது டியாக்சிகோலிக் அமிலம். 2015இல் அமெரிக்காவில் டபுள் சின்னுக்கு அனுமதி பெற்றது. கொழுப்புச் செல்லை அழிக்கும்போது அந்த இடத்தில் வீக்கமும், அதன் பின் நார்த்தழும்பும் உண்டாகும். சர்ஜன் தோலைத் தசையிலிருந்து பிரிக்கும்போது சாதாரணமாக எளிதில் பிரியும் அடுக்கு இங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

த்ரெட் லிஃப்ட் (தோலுக்கடியில் நூல் செலுத்தித் தூக்குவது): கரையும் நூலாக இருந்தாலும் அதைச் சுற்றித் தழும்பு மிஞ்சும். எந்தத் திசையில் போட்டார்கள் என்று தெரிந்தால் நல்லது.

ஹைஃபு, ரேடியோ ஃப்ரீக்வென்சி போன்ற சூட்டு சிகிச்சைகள், பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா ஊசி), பழைய லைப்போசக்‌ஷன், பல் அறுவை, தைராய்டு அறுவைத் தழும்பு எதையும் விட வேண்டாம்.

பழைய ஃபில்லரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: “வருஷம் ஒண்ணு ஆச்சு, கரைஞ்சிருக்கும்.” எப்போதும் அப்படி இல்லை. கண்ணுக்கு விளைவு குறைந்த பின்னும் ஜெல் உள்ளே இருப்பதை எம்.ஆர்.ஐ. படங்களில் இரண்டு வருடத்துக்கு மேலும் பார்த்திருக்கிறார்கள். எப்போது போட்டது, என்ன போட்டது என்று நினைவில்லாவிட்டால் உயர் அதிர்வெண் அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். ஜெல் எங்கே தங்கியிருக்கிறது, ரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று இரண்டும் அதில் தெரியும்.

4. போடுவதென்றால் கரைக்கக்கூடியதை மட்டும்

அறுவை திட்டத்தில் இருப்பவருக்கு ஹயலுரோனிக் அமில ஜெல் ஒன்றுதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஜுவெடெர்ம், ரெஸ்டிலேன், பெலோட்டெரோ எல்லாம் இந்த வகை. பிடிக்கவில்லை என்றாலோ, சிக்கல் வந்தாலோ, அறுவைக்கு இடைஞ்சல் என்றாலோ ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம்.

கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் ஃபில்லரை, அதாவது ரேடியெஸ்ஸை, நீர்க்கச் செய்து கழுத்துத் தோலை இறுக்குவதற்காகப் போடுகிறார்கள். பாலி லாக்டிக் அமிலமும் அதே நோக்கத்துக்கு. இரண்டும் உடலைத் தூண்டிக் கொலாஜன் உண்டாக்குபவை, ஹயலுரோனிடேஸுக்குக் கரையாதவை. அறுவையே வேண்டாம் என்றிருப்பவருக்கு இவை பொருந்தலாம். ஆறு மாதத்தில் கத்தி வைக்கப்போகும் அதே அடுக்கில் புது நாரை வளர்ப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

பி.எம்.எம்.ஏ. என்ற நுண் பிளாஸ்டிக் மணி ஃபில்லர் நிரந்தரமானது. சிலிகான் திரவம் பற்றிப் பேச்சே வேண்டாம். வருடங்கள் கழித்தும் கட்டி கட்டியாகக் கிளம்பும், எடுப்பதற்கு வெட்டுவதைத் தவிர வழி கிடையாது.

5. எந்த இடத்துக்கு, எதற்காக

முகவாய்: அறுவைக்கு முந்தைய ஃபில்லருக்கு உருப்படியான பயன் இங்கேதான். முகவாய் உள்வாங்கியிருந்தால் கழுத்தும் முகவாயும் சேரும் கோணம் மழுங்கித் தெரியும். எத்தனை தோலை இழுத்தாலும் அந்தப் பக்கவாட்டுத் தோற்றம் முழுதாகச் சரியாகாது. கழுத்து லிஃப்ட்டோடு சேர்த்து இம்ப்ளான்ட் வைப்பதா, முகவாய் எலும்பை நகர்த்துவதா, ஒன்றுமே வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாதவர்கள், எலும்பை ஒட்டி ஆழத்தில் கொஞ்சம் கெட்டியான ஜெல் போட்டு, அந்த முகத்தோடு சில வாரம் வாழ்ந்து பார்க்கலாம். ஜுவெடெர்ம் வாலுமாவுக்கு 2020இல் முகவாய்க்கும், வாலக்ஸுக்கு 2022இல் தாடைக்கோட்டுக்கும் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது.

முதல் வாரக் கண்ணாடியை நம்பாதீர்கள். அது பாதி வீக்கம். இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், முன்பு எடுத்த அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில் போட்டோ எடுத்துச் சர்ஜனிடம் காட்டுங்கள். இம்ப்ளான்ட் இதைவிடக் கெட்டியாக, விளிம்போடு இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஜெல் தருவது திசையின் மாதிரிதான், அச்சு அசல் இல்லை.

தாடையோரத் தொங்கல்: தொங்கலுக்கு முன்னும் பின்னும் உள்ள பள்ளத்தை நிரப்பித் தாடைக்கோட்டை நேராக்கலாம். இளவயதில், தொங்கல் லேசாக இருக்கும்போது எடுபடும். தோல் நன்றாகத் தளர்ந்த பிறகு இதைச் செய்வது தொய்ந்த கொடிக்கயிற்றில் இன்னும் நாலு ஈரத்துணி போடுவது போல. முகத்தின் கீழ்ப்பகுதி அகலமாகி, கனமாகித் தெரியும். இன்னும் ஒரு மில்லி, இன்னும் ஒரு மில்லி என்று போய்க்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாதையில் இருப்பவர் நின்று சர்ஜனிடம் போக வேண்டும்.

குறுக்குக் கோடுகள்: கழுத்து லிஃப்ட் இவற்றை முழுதாக எடுக்காது, அதனால் ஃபில்லருக்கு இங்கே இடம் உண்டு. ஆனால் அறுவைக்கு முன் அவசரம் இல்லை. பிறகு செய்வதே மேல். கழுத்துத் தோல் மெல்லியது. கெட்டியான ஜெல்லை மேலாகப் போட்டால் மணி மணியாகத் தெரியும், நீலம் பாய்ந்த சாயலும் வரும். நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இன்னொரு தொல்லை: ஊசி குத்திய இடத்தில் அழற்சி வந்தால் அது கரும்புள்ளியாக மாதக்கணக்கில் நிற்கலாம்.

6. ஊசி போடும் நாளில்

உள்ளே நுழைந்ததும் கேட்க வேண்டியது: “ஹயலுரோனிடேஸ் இப்போது இங்கே ஸ்டாக் இருக்கிறதா?” “வாங்கி வந்துவிடலாம்” என்று பதில் வந்தால் அன்று போட்டுக்கொள்ள வேண்டாம்.

காரணம் இது. முகத்துக்கு ரத்தம் கொடுக்கும் தமனி தாடை எலும்பைக் கடந்துதான் மேலே ஏறுகிறது. முகவாய்க்கு அடியிலும் கிளைகள் ஓடுகின்றன. ஜெல் தவறிக் குழாய்க்குள் போனால் அந்தப் பகுதித் தோலுக்கு ரத்தம் நின்றுவிடும். அடையாளம்: அளவுக்கு மீறிய வலி, தோல் வெளுத்துப் போவது, பிறகு வலைபோல ஊதா நிறத் திட்டு. நாக்கு வலித்தாலோ மரத்தாலோ, பார்வை மங்கினாலோ அதுவும் ஆபத்துக் குறி. நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். உடனே ஊசி போட்ட டாக்டரைக் கூப்பிட்டுத் திரும்பிப் போங்கள். பார்வைக் கோளாறு என்றால் நேராகக் கண் அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு. இங்கே மணிக்கணக்கு முக்கியம்.

பல் சுத்தம், வேர் சிகிச்சை இருந்தால் ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி புது ஜெல்லில் தங்கிவிடக்கூடும். முகத்தில் பரு பழுத்திருந்தாலும், சளிக் காய்ச்சல் இருந்தாலும் தேதியை மாற்றுங்கள்.

7. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பிள்ளை கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று ஒரு தேதியோடுதான் நம்மவர்கள் வருவார்கள். ஆடியில் விசேஷம் கிடையாது என்பதால் ஓய்வு எடுக்க வசதியான மாதம். ஆனால் ஆடியில் ஆஸ்பத்திரி வேலை வேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அஷ்டமி, நவமி, ராகு காலம் பார்த்து எங்கள் ஆபரேஷன் தியேட்டர் பட்டியல் பல தடவை மாறியிருக்கிறது. பாருங்கள், தவறில்லை. ஆனால் கீழே வரும் இடைவெளிகளில் கை வைக்காதீர்கள்.

விசேஷ நாளிலிருந்து பின்னால் வாருங்கள். கழுத்து லிஃப்ட்டுக்குப் பின் கன்றிப்போன நிறமும் கண்ணுக்குத் தெரியும் வீக்கமும் அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். மரத்த உணர்வும் கட்டித்தன்மையும் போய் வடிவம் நிலைக்க மாதங்கள் ஆகும். விசேஷத்துக்கும் அறுவைக்கும் நடுவே மூன்று மாதம் விடச் சொல்வேன்.

அறுவைக்கு முன், கரைக்க வேண்டிய ஃபில்லர் இருந்தால் அதற்குச் சில வாரம் ஒதுக்குங்கள். ஹயலுரோனிடேஸ் ஓரிரு நாளிலேயே வேலையைக் காட்டும், ஆனால் அதனாலேயே வீக்கம் வரும், சிலருக்கு இரண்டாம் தடவை தேவைப்படும், எல்லாம் அடங்கிய பிறகுதான் சர்ஜன் மறுபடி அளவெடுக்க முடியும். தேனீ, குளவி கொட்டிக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த விஷத்திலும் இதே வகை நொதி இருக்கிறது.

எல்லாவற்றையும் கரைக்க வேண்டுமா? இல்லை. கன்னத்தில் உள்ள ஜெல் கழுத்து மட்டும் செய்யும் அறுவையில் குறுக்கே வராது. முகவாய் எலும்பை ஒட்டி இருப்பதைச் சிலர் அப்படியே விடுவார்கள். இம்ப்ளான்ட் வைப்பதென்றால் எடுக்கச் சொல்வார்கள். தாடையோரத்திலும் கழுத்திலும் இருப்பதுதான் சிக்கல். தோலின் மிச்சத்தைத் தவறாகக் கணக்கிட வைக்கும், பிரிக்கும் அடுக்கில் பிசுபிசுப்பாக வந்து நிற்கும். கீழ் உதட்டை அசைக்கும் மெல்லிய நரம்பு ஓடும் பகுதி அது. அங்கே சர்ஜனுக்குத் தெளிவான காட்சி வேண்டும்.

புதிதாகப் போடுவதென்றால், அறுவைக்கு முந்தைய கடைசி மாதத்தில் ஒரு சொட்டும் வேண்டாம். பல சர்ஜன்கள் இன்னும் நீண்ட இடைவெளி கேட்பார்கள்.

8. அறுவைக்கு முந்தைய வாரங்கள்

புகையும், மெல்லும் புகையிலையும், வேப் எனும் மின்சிகரெட்டும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிற்க வேண்டும், பின்னும் நான்கு வாரம். நிகோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கும். தூக்கித் தைத்த தோல், குறிப்பாகக் காதுக்குப் பின்னால், கறுத்து அழுகிப் போகக்கூடும்.

ரத்தத்தை நீர்க்கச் செய்பவை பற்றிச் சொல்லுங்கள்: ஆஸ்பிரின், வலி மாத்திரைகள், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, சித்த மருந்து, லேகியம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்துவது கழுத்துத் தொங்கலைவிடப் பல மடங்கு ஆபத்து.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவதுதான் இந்த அறுவையில் அதிகம் அஞ்சப்படும் சிக்கல். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில் வரும், ஏறிய அழுத்தம் அதைத் தூண்டும். எடை குறைக்கும் செமாகுளுடைட் போன்ற ஊசி எடுப்பவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வயிறு காலியாவதை அது தாமதப்படுத்தும். அதோடு, எடை இறங்கிக்கொண்டே இருக்கும்போது அறுவை செய்தால் தோல் மறுபடி தளரும். எடை நிலைத்த பின்பே தேதி குறியுங்கள்.

9. அறுவைக்குப் பின் மறுபடி ஃபில்லர்

மிச்சமிருக்கும் குறுக்குக் கோட்டுக்கோ தாடையோரச் சிறு பள்ளத்துக்கோ இப்போது போடலாம், ஆனால் வீக்கம் முழுதும் வடிந்து, தொடு உணர்வு திரும்பிய பிறகு. மூன்று மாதத்துக்கு முன் கேட்கவே வேண்டாம். சர்ஜன் ஆறு மாதம் என்றால் அதுதான்.

உணர்வைப் பற்றி ஏன் இத்தனை கவனம் என்றால், கழுத்து லிஃப்ட்டில் தோலைப் பிரிக்கும்போது நுண்ணிய நரம்புகள் அறுபடும்; காதுமடலும் தாடையோரமும் சில மாதம் மரத்திருக்கும். குழாய் அடைபட்டால் நம்மை எழுப்பும் முதல் மணி வலி. மரத்த தோலில் அந்த மணி அடிக்காது. போதாததற்கு, தழும்பு குழாய்களின் வழக்கமான பாதையைக் கொஞ்சம் மாற்றியும் வைத்திருக்கும்.

ஆகவே ஊசி போடுபவரிடம் எந்தத் தேதியில், எங்கெல்லாம் கீறி அறுவை நடந்தது என்று சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கொடுங்கள். இன்னும் மரத்திருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, அங்கே வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். முதல் தடவை பாதி அளவோடு நிறுத்தச் சொல்லி, மீதியை ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.